கறுப்புத் திரையின் மூலையில் ஓர் ‘அ’

நாங்கள் குடியிருந்த லைன் வீடு தோட்டத்துடையது. வீட்டில் ஒருவராவது தோட்டத்து வேலையில் இருக்கும்வரை வீடு உண்டு. இல்லையென்றால் சாவியைக் கொடுத்துவிட்டு மலையை விட்டு இறங்க வேண்டியதுதான். முழங்கால் போனதும் அம்மா தேயிலைக் கொழுந்தெடுப்பதை நிறுத்திவிட்டாள். அதன் பிறகு அந்த ஒருவர் நான்தான். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதெல்லாம் கீபோர்டில் இருக்கும் ஒரு பொத்தானைப் பற்றி. பொத்தானுக்குப் போய் இவ்வளவு அழுகையா என்று யாரும் கேட்கக் கூடாது.

கிராணி என்றால் ஒரு காலத்தில் ஆபீஸ் நிறைய இருந்தார்கள். பேர் கூப்பிடுகிற கிராணி, பேக்டரிக் கிராணி, ஸ்டோர் கிராணி என்று ஆளுக்கொரு மேசை. நான் சேர்ந்தபோதே பாதி மேசைகளில் பழைய பைல்கள்தான் உட்கார்ந்திருந்தன. கடைசியில் ஆபீசில் நான், துரை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். துரை என்றதும் வெள்ளைக்காரரை நினைக்க வேண்டாம். கெடாவிலிருந்து வந்த மலாய்க்காரர், சாதுவான மனிதர். மேனேஜரை எங்கள் வாய் இன்னும் துரை என்றுதான் கூப்பிடுகிறது.

என் வேலை இதுதான். மலையில் பங்களாதேஷ்காரர்களும் நேப்பாளிகளும் வெட்டிய கொழுந்தை லோரியில் ஏற்றுமுன், ஆட்களை மேற்பார்க்கும் மண்டோர் நிறுப்பார். நிறையைத் துண்டுச்சீட்டில் எழுதி மதியம்போல ஆபீசுக்குக் கொண்டுவருவார். அதை நான் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற இடம் எங்கள் கம்ப்யூட்டர் இல்லை. கோலாலம்பூர் தலைமை ஆபீசில் இருக்கும் ஒரு பெரிய மிஷின். இங்கே ஒரு கறுப்புத் திரையைத் திறந்தால் அது அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். படம் கிடையாது, மவுஸ் கிடையாது. வெள்ளை எழுத்து மட்டும். திறந்ததும் தானாகவே உள்ளே போய்விடும். அப்புறம் எல்லாம் எண்தான்: எந்த மலை என்பதற்கு எண், ஆளுக்கு எண், நிறைக்கு எண். எல்லாம் ஏற்றியபின் கண்ட்ரோலையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் ‘சேமித்தாயிற்று’ என்று மலாயில் ஒரு வரி வரும். அந்த வரி வராவிட்டால் அடித்தது அத்தனையும் ஆற்றில் கரைத்த புளி.

அந்த மழைக்காலத்தில் ஒரு நாள் அந்த வரி வரவில்லை.

அழுத்தினேன், வரவில்லை. இடது பக்கக் கண்ட்ரோலை விட்டுவிட்டு வலது பக்கத்தை அழுத்தினேன். மெதுவாக அழுத்தினேன், ஓங்கி அழுத்தினேன். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பார்கள். நகரவில்லை. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் கறுப்புத் திரை தானே அறுந்துபோய், திரும்பத் திறந்தால் காலியாக இருந்தது. மண்டோர் வாசலில் நின்று மழைத்தொப்பியை உதறிக்கொண்டே, “என்னக்கா, ஏறலையா?” என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்லவே எரிச்சலாக இருந்தது.

தலைமை ஆபீசில் இதற்கென்று ஒரு தம்பி இருந்தான். கிள்ளான் பக்கத்துத் தமிழ்ப் பையன், நல்ல பிள்ளை. போன் செய்தேன்.

“அக்கா, வேற எதுலயாச்சும் கண்ட்ரோல் வேல செய்யுதா பாருங்க.”

பார்த்தேன். மற்ற எல்லாவற்றிலும் வேலை செய்தது. கறுப்புத் திரையில் மட்டும்தான் செத்துக் கிடந்தது. அவன் அங்கேயிருந்தே என் கம்ப்யூட்டருக்குள் வந்தான். என் திரையில் அம்புக்குறி தானாக ஊர்ந்துபோய் ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து மூடுவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். என் மேசையில் இன்னொருவர் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பேக்ஸ்பேஸ் எதை அனுப்புகிறது என்று மாற்றினான், எழுத்து வகையை மாற்றினான், அந்தச் சாப்ட்வேரையே அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டான். அவன் கீபோர்டிலிருந்து என் கம்ப்யூட்டர் வழியாக அழுத்தினாலும் வரவில்லை. அவன் கம்ப்யூட்டரிலிருந்து நேராக அழுத்தினால் வந்தது.

“இங்க ஓக்கேதான்க்கா. ஒங்க பக்கம்தான் என்னமோ. ஒரு எழுத்து அடிச்சுப் பாத்தேன், வெறும் கட்டம் கட்டமா ரப்பிஷ் வருது. மழைல கேபிள்ல தண்ணி பூந்திருக்கும்லா.”

எனக்கும் அதுதான் சரியாகப் பட்டது. மழை தொடங்கிய வாரம்தான் இதுவும் தொடங்கியது. மழை பெய்தால் எங்களுக்கு எதுதான் ஒழுங்காக இருந்திருக்கிறது? கரண்டு போகும், ரோடு சரியும், கீழே லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறு ஏறும். அந்த வரிசையில் கண்ட்ரோல் பொத்தானையும் சேர்த்துவிட்டேன். கேபிள்காரர்கள் வந்து பார்த்து, கேபிள் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். துரை தானா ராத்தா டவுனிலிருந்து புதுக் கீபோர்டு வாங்கிவந்தார். புதுக் கீபோர்டிலும் அதே கதை. புது மாப்பிள்ளை மாதிரி பளபளவென்று இருந்ததைத் தவிர வேறு பிரயோஜனமில்லை.

இதற்கிடையில் கொழுந்து வெட்டுவது நிற்குமா? நிறை ஏறாவிட்டால் ஆட்களுக்குச் சம்பளம் ஏறாது. தம்பிதான் வழி சொன்னான்.

“அக்கா, இது சரியாகுற வரைக்கும் அந்தச் சீட்ட போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல போட்டுருங்க. நான் இங்க கீ பண்ணிடுறேன்.”

மகராசனாக இரு என்று வாயார வாழ்த்தினேன். மதியம் மண்டோர் சீட்டோடு வருவார், ஜன்னலோரம் வைத்து ஒரு படம் எடுப்பேன், அனுப்புவேன். கொஞ்ச நேரத்தில் தம்பி கட்டைவிரலைக் காட்டுவான். ஒரு முழு மதியத்து வேலை ஒரு போட்டோவில் முடிந்தது. முதல் சில நாள் எனக்கு அது சுகமாகக்கூட இருந்தது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதைத்தான்.

அம்மாவிடம் எதையும் மறைக்க முடியாது. சாயங்காலம் நான் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். “பொத்தான் சரியாச்சா?” என்பாள். “இல்லம்மா” என்பேன். கம்ப்யூட்டரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வீடு எதில் தொங்குகிறது என்பது தெரியும். எங்கள் லைனில் வேலை போன குடும்பங்கள் சட்டிபானையை லோரியில் ஏற்றிக்கொண்டு இறங்கியதை என்னைவிட அதிகம் பார்த்தவள் அவள். ஒரு நாள் சாமி விளக்கைத் துடைத்துக்கொண்டே, “ஆத்தாகிட்ட வேண்டிக்கிட்டேன். அந்தப் பொத்தான் சரியாயிருச்சுன்னா திருவிழாவுக்கு மாவிளக்கு எடுக்கறேன்னு” என்றாள். நான் சிரித்துவிட்டேன். “கண்ட்ரோல் கீக்கெல்லாமா மாவிளக்கு?” என்றேன். “ஒனக்கு என்ன தெரியும்” என்று திட்டினாள்.

மற்ற தோட்டத்துக் கிராணிகளும் நானும் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருந்தோம். எங்கள் கம்பெனிக்கு மலையில் இன்னும் சில தோட்டங்கள் உண்டு, எல்லாவற்றிலும் ஆபீசில் இருப்பது தமிழர்கள்தான். ஒரு நாள் அதில் புலம்பினேன். உடனே ரிங்லெட் பக்கத்துத் தோட்டத்து அண்ணன், ‘இங்கயும் அதேதான்’ என்று போட்டார். அடுத்தடுத்து எல்லாரும் அதையே போட்டார்கள். எல்லார் கண்ட்ரோலும் செத்துப் போயிருந்தது. எல்லாரும் போட்டோதான் அனுப்பிக்கொண்டிருந்தோம். எனக்குப் பெரிய நிம்மதி. அப்படியென்றால் கோளாறு என்னிடம் இல்லை, கோலாலம்பூரில்தான், அவர்களே சரி பண்ணட்டும் என்று நன்றாகத் தூங்கினேன். மலையிலிருக்கும் கிராணிகள் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வேலை செய்ய முடியவில்லை என்றால், அங்கே மேலே உட்கார்ந்திருப்பவர்கள் கண்ணுக்கு அது எப்படிப் படும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

பிறகு கோயில் தலைவர் வந்தார்.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா நோட்டீசை ஆபீஸ் கிராணிதான் அடித்துக் கொடுப்பது. டைப்ரைட்டர் இருந்த காலத்திலிருந்து வழக்கம். பிரிண்டர் இருப்பது ஆபீசில் மட்டும்தான், அதனால் எந்தத் துரையும் இதைத் தடுத்ததில்லை. திருவிழாவில் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு உபயம். மேல் லைன் உபயம், கீழ் லைன் உபயம், பேக்டரி உபயம், டிரைவர்கள் உபயம், அப்புறம் கிராணிமார் உபயம். ஒரு காலத்தில் கிராணிமார் உபயம் என்றால் அன்னதானம் தடபுடலாக இருக்கும். இப்போது அந்தக் கிராணிமார் என்பது நான் ஒருத்திதான். இருந்தாலும் வருஷா வருஷம் அந்த வரியை நானே அடிப்பேன், நானே போய் மாலை வாங்கிக்கொள்வேன்.

சில வாரங்களுக்கு முன் நோட்டீஸ் அடிக்கும்போது தலைவர் ஒரு பென்டிரைவ் கொண்டுவந்திருந்தார். தமிழில் அடிக்கும் சாப்ட்வேர். பக்கத்துத் தோட்டத்துக் கோயில் கமிட்டியிடம் வாங்கியது. அவர்களுக்கு அதற்கடுத்த தோட்டம் கொடுத்திருக்கிறது. திருவிழாக் காலம் எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்று, அதனால் பென்டிரைவ் பந்திப் பாத்திரம் மாதிரி கோயில் கோயிலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அவரே போட்டுக் கொடுத்தார், நானும் நோட்டீசை அழகாக அடித்துக் கொடுத்தேன். இப்போது கீழ் லைன் ரோடு சரிந்து ரதம் அந்தப் பக்கம் போக முடியாதாம். வழியை மாற்றி அடிக்க வேண்டும்.

“ஒரு வரிதான் தங்கச்சி. ‘ரதம் பேக்டரி வழியாகத் திரும்பும்’னு போட்டாப் போதும்.”

நோட்டீசைத் திறந்து அடிக்க ஆரம்பித்தேன். எழுத்து தமிழில் வந்தது. தமிழில்தானே வர வேண்டும் என்று பாதி வரி அடித்துவிட்டேன். அப்புறம்தான் கை நின்றது. நான் தமிழுக்கு மாற்றவே இல்லை. அது ஏற்கெனவே தமிழில் இருந்தது. திரையின் கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், சின்னதாக ஓர் ‘அ’ உட்கார்ந்திருந்தது. கம்ப்யூட்டரைத் திறக்கும்போதெல்லாம் அதுவும் தானாகத் திறந்து, நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. நான் தினமும் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடச் சுவரிலிருந்து கோயில் சுவர்வரைக்கும் பார்த்த எழுத்து, அது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்கத் தோன்றுமா? எண்ணுக்குத் தமிழ் ஏது ஆங்கிலம் ஏது. எண்ணை அடித்தால் எண்தான் வரும். கடைசியில் அழுத்துகிற அந்த எக்ஸ் ஒன்றுதான் எழுத்து. அது போகும் வழியிலேயே தமிழாகி, கோலாலம்பூர் மிஷினுக்குப் புரியாமல் செத்திருக்கிறது. தம்பி பார்த்த ரப்பிஷும் அதுதான். நம் எழுத்தைக் காட்டத் தெரியாமல் அந்தக் கறுப்புத் திரை கட்டம் போட்டிருக்கிறது.

தலைவரை உட்காரச் சொன்னேன். ‘அ’வை ஒரு தட்டுத் தட்டினேன். அது ஆங்கில எழுத்தாக மாறியது. கறுப்புத் திரையைத் திறந்து அன்றைய சீட்டிலிருந்து ஒரு நிறையை ஏற்றிக் கண்ட்ரோலையும் எக்ஸையும் அழுத்தினேன். சேமித்தாயிற்று.

“என்ன தங்கச்சி, அழுவுற?” என்றார் தலைவர். நான் அழுதுகொண்டா இருந்தேன்? சந்தோஷம்தான். குழுவில் விஷயத்தைப் போட்டேன். ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள். எல்லார் திரையிலும் அதே மூலையில் அதே ‘அ’. எல்லாருக்கும் கோயில் இருந்தது, எல்லாரும் நோட்டீஸ் அடித்திருந்தோம்.

தம்பிக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவன் சிரித்தான்.

“அந்த வளைவு வளைவா இருக்கறதா? எல்லா எஸ்டேட் ஸ்கிரீன்லயும் இருந்துச்சுக்கா. பிரிண்டர் ஐக்கான்னு நெனச்சேன். எனக்குத் தமிழ் பேச மட்டும்தான் வரும், படிக்க வராது. நான் மலாய் ஸ்கூல்.”

“பரவால்ல தம்பி. இப்பதான் சரியாயிருச்சே. நாளையிலிருந்து நானே ஏத்திடறேன்.”

அவன் சிரிப்பு நின்றது.

“அக்கா, ஒங்ககிட்ட துரை சொல்லலையா? இனிமே நீங்க கீ பண்ண வேணாம். மீட்டிங்ல முடிவாயிருச்சு. மண்டோருங்களே போட்டோ அனுப்புவாங்க, எல்லா எஸ்டேட்டுக்கும் இங்கயே ஏத்திக்கிறோம். எஸ்டேட்ல இனிமே கிராணியே வேணாம்னு போன வாரமே முடிவு பண்ணிட்டாங்கக்கா.” அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னான். “இந்தத் தமிழ் சாப்ட்வேர் விஷயத்த வெளிய சொல்லாதீங்க. ஆபீஸ் கம்ப்யூட்டர்ல வெளி சாப்ட்வேர் போட்டதுக்கு அத்தன கிராணி மேலயும் கேஸாயிரும்.”

அதையும் மீறித் துரையிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். என்னிடம் சொல்லத் தைரியம் வராமல் நாள் கடத்தியதாக ஒப்புக்கொண்டார். நோட்டீஸ் கதையைக் கேட்டதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இதை மேலே எழுதினால் கிராணிகள் வேலை தெரியாதவர்கள் என்பது போய்க் குற்றவாளிகள் என்றாகிவிடும், வேலை எப்படியும் திரும்பாது என்றார். நான் மலையில் இறங்கி வேலை செய்கிறேன், கொழுந்து வெட்டுகிறேன் என்றேன். மலை வேலையெல்லாம் காண்ட்ராக்ட் ஆட்களுக்குத்தான், தோட்டம் நேராக ஆள் எடுப்பதில்லை என்றார். அவரால் முடிந்தது ஒன்றுதான். திருவிழா முடியும்வரை வீட்டில் இருக்கலாம். அவர் கெட்டவராக இருந்தால்கூடப் பரவாயில்லை, நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன்.

வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா கேட்டாள். “பொத்தான் சரியாச்சா?”

“சரியாயிருச்சும்மா.”

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து சாமி படத்துக்கு முன் போய் நின்றாள். வேலை போனதை நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று திருவிழாவரை தள்ளிவிட்டேன். கோழைத்தனம் என்றால் கோழைத்தனம்தான், அவள் முகத்தைப் பார்த்திருந்தால் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அந்த நாட்களில் ஆபீசில் எனக்கிருந்த வேலை, மண்டோருக்குப் போட்டோ எடுக்கக் கற்றுக்கொடுப்பது. சீட்டின் நான்கு மூலையும் தெரிய வேண்டும், பளபளப்பு விழக் கூடாது, கை ஆடக் கூடாது. அவர் கூச்சத்தோடு எடுத்து எடுத்துக் காட்டினார். “நல்லா வருதாக்கா?” என்பார். நன்றாகத்தான் வந்தது. பக்கத்தில் கம்ப்யூட்டர் கறுப்புத் திரையோடு சும்மா திறந்து கிடந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று தெரிந்தும், அவர் போனபின் எதையாவது ஏற்றி, அழுத்தி, அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு அழிப்பேன்.

கிராணிமார் உபயத்தன்று மழை விட்டிருந்தது, தூவானம் விடவில்லை. பூசாரி மைக்கில், “கிராணிமார் உபயம், முன்னால வாங்க” என்று பன்மையில் கூப்பிட, நான் மட்டும் எழுந்து போய் மாலை வாங்கிக்கொண்டேன். துரையும் மரியாதைக்கு வந்து ஓரமாக நின்றார். அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் மாவிளக்குத் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். அந்த முழங்காலோடு அவளே மாவு இடித்திருந்தாள், என்னைத் தொடவே விடவில்லை. விளக்கு எரிந்து முடிந்ததும் மாவைப் பிட்டுப் பிட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். “எம் மகளுக்கு ஆபீஸ்ல ஒரு கஷ்டம், ஆத்தா தீத்து வச்சுட்டா” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். மண்டோர் வாங்கிக்கொண்டார். துரை இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்காமல் போய்விட்டார். எனக்கும் ஒரு பிடி கொடுத்தாள். தின்றேன்.

வீட்டுக்கு வந்து, ஈரச் சேலையை மாற்றி அவளை உட்காரவைத்தபின் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். ரிங்லெட்டில் ஒரு கடை மாடியில் அறை பார்த்திருக்கிறேன், படிக்கட்டுத்தான் கொஞ்சம் செங்குத்து என்பதையும் சொன்னேன். அவள் அழவில்லை, யாரையும் திட்டவில்லை. காலித் தட்டில் ஒட்டியிருந்த மாவை விரலால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“ஆத்தா மேல தப்பில்ல” என்றாள் கடைசியில். “பொத்தான் சரியாகணும்னுதான் வேண்டிக்கிட்டேன். வீட்டப் பத்தி நான் ஒன்னும் கேக்கவே இல்லையே.”